மிளகாய் கடைசியில்தான்

கறம்பக்குடியில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஒரே மிஷின். காலையில் முதலில் பிள்ளைகளுக்கான சத்துமாவு, பிறகு அரிசி, கோதுமை, அப்புறம் மல்லி. மிளகாய் சாயங்காலம்தான். கலெக்டரே காலையில் மிளகாயோடு வந்தாலும் காத்திருக்க வேண்டும். முதல் மாதம் நாலு பேரிடம் திட்டு வாங்கி நானாகக் கற்றுக்கொண்ட வரிசை இது.

மில் நன்றாக ஓட ஆரம்பித்ததும் எல்லோருக்கும் என் உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது. கத்தாரிலிருந்து கணவர் போன் செய்தார். "தம்பி சும்மாதானே இருக்கான். ஒடம்பக் கெடுத்துக்காம, மில்ல அவங்கிட்ட விட்டுட்டு நீ வீட்டப் பாரு."

எனக்குச் சுருக்கென்றது. பெல்ட் மாட்டத் தெரியாமல் நான் விரலை நசுக்கிக்கொண்ட அன்றைக்கு இந்தத் தம்பி எங்கே போயிருந்தார்? ஆனாலும் சொன்னேன். "ஒரு நா முழுசா அவரே ஓட்டட்டுங்க. யாரும் கொறை சொல்லலைன்னா சாவி அவருக்கு."

வரிசையைக் கொழுந்தனிடம் இரண்டு தடவை சொன்னேன். "மாவரைக்க இம்புட்டுச் சட்டமா, அண்ணி?" என்று சிரித்தார்.

மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பதினோரு மணிக்குக் கிளம்பினேன். மில்லுக்கு நாலு கடை தள்ளி வரும்போதே தும்மல் வந்தது. ஒரு ஹோட்டல்காரர் அவசரம் என்றாராம், கொழுந்தன் காலையிலேயே ஒரு மூட்டை மிளகாயை அரைத்துக் கொடுத்திருந்தார். அதே மிஷினில் அடுத்தது ஒரு கைக்குழந்தைக்காரியின் சத்துமாவு. வாங்கியதும் ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுப் பார்ப்பது இங்கே எல்லாப் பெண்களுக்கும் பழக்கம். அவளும் பார்த்திருக்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீரோடு நின்றாள்.

"இத எப்புடிக்கா பச்சப்புள்ளைக்குக் கரைச்சுக் குடுப்பேன்?"

"லேசாத்தான் காரம்" என்றார் கொழுந்தன்.

"அப்ப நீங்க ஒரு டம்ளர் கரைச்சுக் குடிங்க தம்பி" என்றேன்.

அவர் குடிக்கவில்லை. கையை நீட்டினேன். சாவியை வைத்தார். மறுநாள் மிஷினைக் கழுவித் துடைத்து, மிச்சக் காரம் போகக் குருணை ஓட்டி, என் வீட்டுத் தானியத்தில் முதல் ஆளாக அவளுக்கு அரைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே கணவர் மறுபடி கூப்பிட்டார். "பாவம், மொகம் வாடிப்போயிட்டான். இன்னொரு தடவ விட்டுப் பாரேன்."

"வரச் சொல்லுங்க" என்றேன். "மிளகாயோட வந்து வரிசையில நிக்கட்டும். சாயங்காலம் நானே அரைச்சுத் தாரேன்."