கேட்காமல் தொட்டுப் பார்த்தது

மலையில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு மாதம் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க டாக்டரு" என்றார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். விட்டுவிட்டதும் ஒரு பொய்தானே என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

என் வேலை ஊர் ஊராகப் போய் யாருக்காவது தொழுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது. எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் எனக்கு ஒன்பது ஊர்கள் கொடுத்திருந்தார்கள். நான் படவேட்டுப் பக்கத்துக்காரன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவை எழுதித் தேறியவன். இந்த வேலைக்குப் பயிற்சி ஆறு மாதம். என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பி.யூ.சி., இரண்டு பேர் பட்டதாரிகள். வகுப்பில் அவர்கள் கேள்வி கேட்பார்கள். நான் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். வேலைக்கு உத்தரவு வந்தபோதுகூட வேறு யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அதுவும் தற்காலிக வேலை. என்றைக்காவது ஒரு ஜீப் வரும், அதிலிருந்து ஒருவர் இறங்கி, "உன்னை யாருய்யா இங்க அனுப்பிச்சது" என்று கேட்பார் என்று ஒரு காட்சி மனசில் ஓடும். மலைப்பாதையில் ஜீப் சத்தம் கேட்டால் கால் தானாக நின்றுவிடும்.

உடம்பில் வெளுத்தோ சிவந்தோ ஒரு படை இருந்தால் அதைச் சோதிக்க வேண்டும். சோதனை ரொம்பச் சுலபம். பஞ்சைத் திரித்து அதன் முனையால் தோலை லேசாகத் தொட வேண்டும். எதிரே இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பெரும்பாலும் அது வெறும் தேமலாகவோ பிறவி மச்சமாகவோ இருக்கும். படையின்மேல் தொடும்போது மட்டும் விரல் வராவிட்டால் அங்கே உணர்ச்சி செத்திருக்கிறது. அதுதான் நோய்.

பயிற்சியில் இதைச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கோளாறு என்னிடம். முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தொட்டுவிட்டுக் காத்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த மௌனத்தில் அவர்கள் என்னை எடை போடுவதுபோல இருக்கும். சிலர் விரலால் காட்டச் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் கண்ணைத் திறந்து சிரித்துவிடுவார்கள். அதனால் எனக்கே தெரியாமல் ஒரு பழக்கம் வந்தது. தொடும்போதே "தெரியுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்பேன். "தெரியுதுங்க" என்பார்கள். வேலை மளமளவென்று நடந்தது. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் சுற்று. சாமை அறுவடை முடிந்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் கணவன் மனைவி இரண்டு பேரும் இருந்தார்கள். கணவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர். அந்த அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கணவருடைய முழங்கைக்குக் கீழே இருந்த படையைப் போன சுற்றிலேயே பார்த்து 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இப்போது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன்.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"இங்க?"

"அங்கயும் தெரியுதுங்க."

அப்போது என் நெற்றியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. பஞ்சு பிடித்த கையாலேயே அதை ஓட்டினேன். வாய் மட்டும் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "இப்ப?"

"நல்லாத் தெரியுதுங்க."

முறம் நின்றது. "இன்னாய்யா தெரியுது உனுக்கு? அவரு பஞ்ச நெத்தியில வச்சினு கீறாரு. நீ பாட்டுக்கு நல்லாத் தெரியுதுங்கற" என்றார் அந்த அம்மா.

அவர் கண்ணைத் திறந்து அசடு வழிந்தார். "அவரு கேட்டாரு. சொன்னேன்."

"கேட்டா? உன் தலையில கொம்பு மொளச்சிகிதான்னு கேட்டாலும் ஆமாம்ப."

"அவ்ளோ தூரம் ஏறி வந்து கேக்கறாரு. இல்லன்னு எப்பிடி மூஞ்சிக்கு நேரா சொல்றது? பாவமா கீதில்ல."

அந்த அம்மா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் பஞ்சை மறுபடி திரித்தேன்.

"இந்தத் தடவ நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்க. நீங்களும் பேச வேணாம். தொட்டது தெரிஞ்சா வெரல வைங்க, போதும்" என்றேன். நல்ல தோலில் தொட்டேன். விரல் அம்பு மாதிரி வந்து அந்த இடத்தில் நின்றது. படையின் நடுவே தொட்டேன். விரல் முழங்காலின்மேல் அப்படியே இருந்தது. மறுபடி தொட்டேன். பிறகு ஓரத்தில், பிறகு நடுவில்.

"இன்னாங்க, இவரு தூங்கிட்டாரா?" என்றார் அந்த அம்மா.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "தூங்கல. அவரு இன்னும் தொடல."

நான் நான்கு தடவை தொட்டிருந்தேன்.

நோயின் பெயரை நான் சொல்வதற்குள் அந்த அம்மாவே "அதுவா?" என்று கேட்டார். "இருக்கும்போலத் தெரியுதுங்க. டாக்டர் பாத்துச் சொல்லணும். மாத்திரை கீது, பயப்படாதீங்க" என்றேன். "போன தடவ இல்லன்னீங்களே" என்றார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அப்ப ரொம்பச் சின்னதா இருந்துச்சுங்க. வியாழக்கிழம அடிவாரத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமைதான் அடிவாரத்துக்கு டாக்டர் வருவார். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பதிவேட்டை எடுத்தால் பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் 'இல்லை'. எத்தனை பேர் பாவம் பார்த்துத் தெரியுது என்றார்களோ. நோய் நரம்புக்குள் போனால் விரல் மடங்கும், மரத்த கையில் சூடு பட்டால்கூடத் தெரியாது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தவன் நான். யாருக்கும் சொல்லாமல் எல்லா ஊரையும் மறுபடி பார்த்துவிடலாமா என்று நினைப்பேன். 'இல்லை' ஒன்று ஆறு மாதத்தில் 'உண்டு' ஆனது எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று இரண்டு தடவை பஸ் நிற்கும் இடம்வரை போனேன். இரண்டு தடவையும் பஸ் என் எதிரே நின்று கிளம்பிப் போனது. நான் பயந்த நாள் வந்தேவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியபோதும் ஆறுதலாக இல்லை. நடந்துகொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கணவன் மனைவி இரண்டு பேரும் இறங்கினார்கள். அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் டாக்டர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர், கை வேகம். அன்றைக்குக் கூட்டம் வராந்தாவைத் தாண்டி வெயிலில் நின்றது. எங்கள் முறை வந்தது. டாக்டர் கணவரின் கையைத் திருப்பிப் பார்த்தார். பஞ்சை எடுத்தார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இங்க?"

"தெரியுதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "தேமல்பா. இதுக்கா ரெண்டு பேரையும் பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்த? அடுத்தது யாரு?"

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டு வாசலில் அத்தனை பேசியவர், டாக்டர் முன்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நிமிஷத்தில் என் மனசு போன போக்கை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது நிம்மதி. டாக்டரே இல்லை என்கிறார். அவர் படித்தவர். நான் யார்? அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். அப்படியானால் நான் எழுதிய 'இல்லை' எல்லாமும் சரியாகிவிடும். இந்த ஐந்து நாள் அலைச்சலே என் மூடத்தனம். "சரி சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும், எல்லாம் முடிந்தது. நான் நகரவும் செய்தேன். அந்த அம்மாவின் கணவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். வெளுத்த அந்த இடம் துணிக்குள் மறைந்துகொண்டிருந்தது. முழங்காலின்மேல் அசையாமல் இருந்த அந்த விரலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க யாருக்கும் பட்டம் வேண்டியதில்லை.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கேக்காமப் பாருங்க சார்."

"என்னது?"

"தெரியுதான்னு கேக்காம, பேசாமத் தொட்டுப் பாருங்க சார். கேட்டா நம்ம மனசு நோகக்கூடாதுன்னு தெரியுதுன்னுடுவாங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் சிவந்தது. ஆனால் பஞ்சை மறுபடி எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். தொட்டார். விரல் வரவில்லை. இன்னொரு தடவை தொட்டார். மூன்றாம் தடவை தொட்டபின் முழங்கையின் பின்பக்க நரம்பு தடித்திருக்கிறதா என்று பிடித்து அழுத்தி, மற்றக் கையின் நரம்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்.

"போன சுத்துல இல்லைன்னு போட்டிருக்கு. யார் பாத்தது?"

"நான்தான் சார். நானும் கேட்டேன். எல்லாரையும் அப்படித்தான் கேட்டேன். இந்த நோட்டுல நான் இல்லைன்னு எழுதின எதையும் நம்ப முடியாது சார்."

"ஆறு மாசம் ட்ரெயினிங்ல என்னய்யா பண்ணின?"

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன் சார்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "எத்தனை ஊரு?"

"ஒம்பது சார். புளி உலுக்க ஜனங்க காட்டுக்குப் போறதுக்குள்ள முடிக்கணும். போய்ட்டா வீட்ல யாரையும் பிடிக்க முடியாது."

"அப்ப இங்க ஏன் நிக்கற?" என்றார்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அந்த அம்மா என் அருகில் வந்தார். "அப்பச் சின்னதா இருந்துச்சுன்னீங்க."

"பொய் சொன்னேங்க."

"தெரியும். பையத் தூக்கினு ஓடுன ஓட்டத்துலயே தெரிஞ்சிது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்பது ஊரையும் மறுபடி சுற்றினேன். ஒவ்வொரு வாசலிலும், "போன தடவ நான் தப்பாப் பாத்துட்டேங்க, மறுபடி பாக்கணும்" என்று சொன்னேன். முதல் வீட்டில் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. துரத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். "இந்தத் தடவயாச்சும் ஒயுங்காப் பாருங்க" என்றபடி கையை நீட்டினார்கள். ஒரு ஊரில் மட்டும், "இவரு நெசமாவே டாக்டரு இல்லதான்போல" என்று ஒருவர் பின்னாலிருந்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் அத்தனை நாளும் அஞ்சிக்கொண்டிருந்த வார்த்தை அது. கையில் பஞ்சைப் பிடித்திருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் ஒரு படையை நான்கு தடவை தொட்டுப் பார்க்கிறவன்தான். முன்பெல்லாம் எதிரே இருப்பவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் விரலைப் பார்க்கிறேன். இந்த அளவுக்கு வரவே பல வருஷம் பிடித்தது.

அந்தச் சுற்றில் இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவருக்கு ஆரம்பம்தான், மாத்திரையில் சரியாயிற்று. மற்றவர் கடைசி ஊரில், ஐம்பது வயதுக்காரர். போன சுற்றில் நான் பிடித்துப் பார்த்த கைதான். அப்போது விரல்கள் ஐந்தும் நேராக இருந்தன. இப்போது சுண்டு விரல் உள்ளே மடங்கியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "களி உருட்ட நாலு வெரலு போதும் சாரு" என்றார்.

ஒரு வருஷம் வாராவாரம் அந்த ஊருக்கு ஏறினேன். நல்லெண்ணெய் தடவி அந்த விரலை நீவி நீவி நிமிர்த்தப் பார்ப்பேன். முடித்ததும், "இன்னிக்கிக் கொஞ்சம் நிமிந்துகிதுங்க" என்பார், என் முகத்தைப் பார்த்து. நான் கையை மரப்பலகைமேல் வைத்து அளந்து பார்ப்பேன். "இல்லீங்க, அப்படியேதான் கீது" என்பேன். முதல் சில வாரம் அதைச் சொல்ல நாக்குப் புரளவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். நான் அடுத்த வீட்டுக்கு நடப்பேன்.