மூடிய வடிசாலையின் ஒரு போத்தல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அலுவலகத்தில், எதிர் மேசையில், ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் இருந்தார். அவருடைய தகப்பனார் மேற்குத் தீவொன்றில், புகை மணக்கும் விஸ்கிக்குப் பேர்போன வடிசாலையில் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து வேலை செய்தவர். எண்பதுகளில் விற்பனை படுத்தபோது அதை மூடிவிட்டார்கள். செப்பு வடிகலன்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். எஞ்சிய போத்தல்களைச் சேகரிப்பாளர்கள் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். ஏலத்தில் அவை கைக்கெட்டாத விலை.

வேலைத்தலத்திலேயே நாளுக்கு மூன்று தரம் ஊற்றிக் கொடுத்ததால் அந்த மனிதர் சொந்தமாக ஒரு போத்தல்கூட வாங்கி வைக்கவில்லை. இப்போது இருதயம் பழுதாகி, ஸ்ட்ரெதமில் மகளோடு இருந்தார். அந்த விஸ்கியை இன்னொரு முறை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

வடிசாலையின் பெயரைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். ஒரு டிசம்பரில் அலுவலக நத்தார் விருந்தின் சீட்டுக் குலுக்கலில் எனக்குப் பரிசாக விழுந்த போத்தல் அதுவேதான். நான் குடிப்பதில்லை. இல்ஃபோர்டில் உள்ள நண்பர் ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அதைக் கொடுத்ததாக எழுதியிருந்தேன். உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அண்ணை, நான் தந்த விஸ்கி இருக்கோ?”

“அதோ? திறந்து மணந்து பாத்தன், டெட்டோல் மாதிரி. கோலாவுக்கும் சரிவரேல்லை. அக்காவைக் கேளும்.”

அவர் மனைவி வாங்கிப் பேசினார். “தம்பி, மகளின்ர கலியாணக் கேக்குக்கு வாங்கின பிரண்டி போதேல்லை. பிளம்ஸ், செரி எல்லாத்தையும் அதிலதான் ஊறப்போட்டனான்.”

“முழுப் போத்தலுமோ?”

“பின்னை? இருநூறு பேருக்கெல்லோ கேக். போத்தலுக்குள்ள இப்ப நல்லெண்ணெய் நிக்குது.”

“கேக்காவது மிச்சம் இருக்கோ அக்கா?”

“வராத ஆக்களுக்கெண்டு சுத்தி வைச்ச துண்டுகள் கிடக்கு. வந்து எடும்.”

நான்கு துண்டுகள் கிடைத்தன. திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொன்னார்.

கிழவர் வெள்ளித்தாளைப் பிரித்து, கேக்கை மூக்கருகே வெகுநேரம் பிடித்திருந்தார்.

“புகை இருக்கிறது” என்றார். பிறகு ஒரு சிறு விள்ளலை வாயில் போட்டு, மெல்லாமல் வைத்திருந்தார். “கேக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.”

இரண்டாவது துண்டையும் அப்படியே தின்றார். மகள் தனக்கும் கொஞ்சம் எடுக்கக் கை நீட்டியபோது, தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.