பின்சுவரில் விழுந்த சிவப்பு

கண்ணுகளா, இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. என் ஓரகத்திக்கு நடந்தது, அதாவது என் கொழுந்தனார் மனைவிக்கு. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். பொய் சொல்ல வராத பெண். துணிக்கு அளவெடுக்கும்போதே, "அக்கா, நீங்க போன தடவைக்கு இப்ப நல்லா பெருத்துட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல். தனியாக இருக்கிறவர்கள் பகலில் படித்துக்கொள்ளுங்கள்.

சின்னவளுக்குத் தொழில் தையல். ஆசை, பழைய கார். கொழுந்தனார் முதன்முதலில் ஓர் ஓட்டைக் காரை வாங்கி வந்தபோது சீட்டுக்கு உறை தைக்கப் போனவள், அப்படியே வண்டிக்கு அடியில் போய்விட்டாள். ஊசி பிடித்த கை ஸ்பேனரையும் பிடித்துக்கொண்டது. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. விடுமுறை வந்தால் இருவரும் அதற்குள்தான். அடியில் படுப்பது அவள், மேலே சீட்டில் உட்காருவது அவர். "என் தொப்பை உள்ள போகாது, நீ போ" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

பிரேக் வேலை இருக்கிறதே, அதற்கு இரண்டு பேர் வேண்டும். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் பிரேக் பிடிக்காது. மேலே இருப்பவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அடியில் இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகைத் திறந்தால் எண்ணெயோடு காற்றும் வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் மேலே காலை எடுக்கலாம். முந்திக்கொண்டு எடுத்தால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஆக மூன்று சொல். அமுக்கு. பிடி. விடு. அந்தக் கொட்டகையில் புருஷன் பெண்டாட்டி பேச்சே அவ்வளவுதான். அவள் வாயால் சொல்வாள். அவர் காலால் பதில் சொல்வார்.

கடைசியாக வாங்கியது ஒரு வெளிர்பச்சைக் கார். முன்பக்கம் எங்கோ இடித்து, தட்டி நிமிர்த்தி, புதுச் சாயம் பூசியிருந்தது. "சின்ன இடிதாங்க" என்றார் விற்றவர். அதைக் கொட்டகையில் கட்டைமேல் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றிய வாரத்தில் கொழுந்தனார் தூக்கத்திலேயே போய்விட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. போய்விட்டார்.

சின்னவள் பல மாதம் கொட்டகையைத் திறக்கவில்லை. மகள் வந்துதான் திறக்க வைத்தாள்.

"வித்துடும்மா. பாத்துப் பாத்து அழறதுக்கா வச்சிருக்க?"

"பிரேக் இல்லாத வண்டிய எப்படி விக்கிறது? வாங்கறவன் செத்தா பாவம் யாருக்கு? ஏறி உக்காரு. அமுக்குன்னா அமுக்கு."

"அப்பாவ வேலை வாங்கினது பத்தாதா?"

"அப்பா கேள்வி கேக்க மாட்டாரு. நீயும் வாய மூடு."

பொழுது சாய்ந்த நேரம். வெளியே மழைத் தூறல். சின்னவள், பின் சக்கரம் கழற்றிய இடத்தில், வண்டிக்கு அடியில் ஒரு கைவிளக்கோடு படுத்திருந்தாள். "அமுக்கு" என்றாள். பின்விளக்கு எரிந்து, வெள்ளையடித்த பின்சுவர் சிவந்தது. சரி, விளக்கு வேலை செய்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள். எரிகிற விளக்கை யார் கழற்றிப் பார்ப்பார்கள்?

"பிடி."

சிவப்பு அணைந்தது.

"பிடின்னு சொன்னேன்ல!"

மறுபடி சிவப்பு. மறுபடி இருட்டு. குழாயில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. கழுத்து வலித்து வெளியே ஊர்ந்து வந்தாள்.

சீட்டில் யாரும் இல்லை.

மகள் வாசல் கேட் அருகே குடைக்குள் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "போன் வந்ததும் எறங்கிட்டேனே. சொல்லிட்டுத்தான் போனேன், உனக்குக் கேக்கலையா?"

"எப்ப?"

"நீ படுத்த ஒடனே."

கண்ணுகளா, நீங்களோ நானோ என்றால் அலறியிருப்போம். அவள் அலறவில்லை. அன்று இரவு எனக்குப் போன் போட்டாள். குரல் சிரிக்கிறது. "அக்கா, அவரு வந்துட்டாரு."

நான் என்ன சொல்வேன்? சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மகள் ஊர் திரும்பியதும் சின்னவள் நாள் தவறாமல் சாயங்காலம் கொட்டகைக்குப் போனாள். தலை வாரி, நல்ல சேலை கட்டி, அதோடு போய் எண்ணெய்க் கறைத் தரையில் படுத்தாள். "அமுக்கு" என்பாள். சுவர் சிவக்கும். அவ்வளவு போதும் அவளுக்கு. வேலை முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஒற்றை ஆளாகவே அதை முடிக்க ஒரு வழி உண்டு. திருகில் மாட்டிய குழாயின் முனையைப் பாட்டில் எண்ணெயில் மூழ்க விட்டால் காற்று திரும்பாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே தினமும் பாட்டிலைக் காலி செய்துவிட்டுப் போய்ப் படுத்தாள். குமிழி இருக்கும்வரை அவர் இருப்பார் அல்லவா...

ஆனால் பழகிய காலை ஏமாற்ற முடியுமா? அவள் தையல்காரி. பக்கத்து அறையில் மிஷின் ஓடினால், சத்தத்தை வைத்தே மிதிப்பது யார் என்று சொல்லிவிடுவாள். கொழுந்தனார் கால் நிதானம். ஆழமாக அமுக்கும், அமுக்கினால் பாறை மாதிரி நிற்கும்.

இது நிற்கவில்லை.

டப்... டப்... டப். சின்னச் சின்ன மிதி. அவசரம். "பிடி" என்றாலும் நிற்காது. "விடு" என்றாலும் கேட்காது. நாளுக்கு நாள் வேகம் கூடியது. ஒரு நாள் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

"என்னங்க அவசரம்?" என்று அடியிலிருந்தே கேட்டாளாம்.

டப்டப்டப்டப்...

பெடலுக்கு அவள் போட்ட புது ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மனசைத் தேற்றிக்கொண்டாள். மட்டமான ரப்பர் என்று.

அன்று மழை விட்டிருந்தது. மணி ஆறே முக்கால். கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். கீழே விரிப்பில் தூசி படிந்திருந்தது. தூசியில் ஒரு தடம். வெறுங்கால். ஐந்து விரலும் அழுந்த, அழுந்த, விரிப்பே குழிந்திருந்தது.

கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

அவள் கையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

கொழுந்தனாரின் பெரிய காலுக்குச் செருப்பு தேடிக் கடை கடையாக அலைந்தவள் அவள்...

வீட்டுக்குள் ஓடி, கணவரின் போனில் இருந்த எண்ணைத் தேடி, வண்டியை விற்றவரைக் கூப்பிட்டாள். யார், எந்த வண்டி என்று சொன்னாள்.

"இதை யாருங்க ஓட்டினது?"

"...என் வீட்டுக்காரி."

"என்ன ஆச்சு?"

"இறக்கம். பிரேக் புடிக்கல. நான் பக்கத்து சீட்ல. அமுக்கு, அமுக்குன்னு கத்தினேன். அவளும் அமுக்கிக்கிட்டேதான் இருந்தா..."

"செருப்பு போட்டிருந்தாங்களா?"

"எப்பவும் கழட்டிட்டுத்தான் ஓட்டுவா. அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

சின்னவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். அவரே தொடர்ந்தார்.

"இடிச்ச அப்புறமும், கால எடுக்க மாட்டேன்னுட்டா. உசுரு போன பெறகும்... பெடல்லேருந்து பிரிக்க முடியல."

"விக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

"சொன்னா யாரும்மா வாங்குவா?" பிறகு மெல்லக் கேட்டார். "லைட்டு... இன்னும் எரியுதா?"

"எரியுது."

"ரெண்டு பல்பையும் நானே கழட்டித் தூக்கிப் போட்டேன். ராத்திரி சுவரு செவக்கறதப் பாத்துக்கிட்டு என்னால படுக்க முடியல."

அவள் கொட்டகைக்குத் திரும்பினாள். ஏன் போனாய் என்று நான் திட்டினேன். போகாமல் எப்படி அக்கா என்றாள். பின்விளக்கின் கண்ணாடி மூடியைத் திருகிக் கழற்றினாள். ஒரு பக்கம். மறுபக்கம்.

இரண்டும் வெறும் குழி.

உள்ளே சிலந்தி நூல் கட்டியிருந்தது. பல நாள் நூல்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. தினமும் சாயங்காலம், தலை வாரிக்கொண்டு வந்து, அவள் யாரைக் கூப்பிட்டாள்... எந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரோ ஒருத்தியின் கடைசி நிமிடத்தை, அமுக்கு அமுக்கு என்று, நாள்தோறும் திரும்பத் திரும்ப நடக்க வைத்திருக்கிறாள்.

அவர் வரவில்லை. ஒரு நாளும் வந்திருக்கவில்லை.

டப்... டப்... டப்...

சுவர் சிவந்து, இருண்டு, சிவந்தது.

அவளுக்குப் பயம்கூடப் போய்விட்டதாம். தன்னைப் போல ஒருத்தி என்றுதான் தோன்றியதாம். காலிச் சீட்டின் பக்கம் குனிந்தாள்.

"விடும்மா. போதும். முடிஞ்சு போச்சு. விடு..."

மிதி நின்றது.

மழைநீர் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

பெடல் மெல்லக் கீழே இறங்கியது. அடி வரை போனது.

அங்கேயே நின்றது.

முதல் தடவையாக... பிடித்துக்கொண்டது.

சுவர் சிவந்தபடி இருந்தது. அவள் காத்திருந்தாள். விடு, விடு என்று சொல்லிக்கொண்டே காத்திருந்தாள். விடிந்தபோதும் பெடல் மேலே வரவில்லை.

வண்டியை விற்க முடியாது. யாருக்கு விற்பது? உடைக்கக் கொடுக்கவும் மனசு வரவில்லை. வண்டி போனால் அந்தப் பெண் காலை எங்கே வைப்பாள், என்கிறாள். கொட்டகையைப் பூட்டிவிட்டாள்.

போன மாதம் நான் அங்கே இரண்டு நாள் தங்கினேன். இருட்டினதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூட்டிய கதவின் கீழ் இடுக்கில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று, ஆடாமல் அசையாமல். நான் பார்த்தது கண்ணுகளா, இந்த இரண்டு கண்ணால்.

சின்னவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணக் கூப்பிட ஒரு சொல்லு இருந்துச்சு, தெரியாமலே சொல்லிட்டேன். அவரக் கூப்பிட எந்தச் சொல்லுக்கா?"

அவள் மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.