கவாத்துக்கு முன் எழுதிய கட்டுரை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் இருமல் அடங்கிக் கண் அசந்தாள்.

காடு, காற்று, தன் ஆஸ்துமா என்று கட்டுரைகள் எழுதும் நம்மூர் விஞ்ஞானி அம்மாவை உங்களுக்குத் தெரியும். விடியலில் திராட்சைத் தோட்டத்து வழியே நடந்ததில் மூச்சு லேசானதாக எழுதியிருந்தார். அதை நானும் இங்கே பகிர்ந்தேன். அதை நம்பி, லேசாக இளைப்பு உள்ள பாப்பாவை மூன்று வாரமாக விடியலில் அந்த வழியில் நடக்கவைத்தேன்.

இன்று அவளை டாக்டரிடம் காட்டத் தேனி பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் அவரே இருந்தார்.

"எத்தன நாளாத்தா இப்படி இருமுது?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"கொடிய வெட்டிக் கவாத்து முடிஞ்சிருச்சேத்தா. இப்ப விடியக்காலம் மருந்து அடிப்பாகளே, வாடை தெரியலையா?"

"தெரிஞ்சதும்மா. நீங்க எழுதியிருந்ததால பயப்படல."

"நான் நடந்தது மருந்தே அடிக்காத மாசம். அத எழுதாம விட்டுட்டேன்."

முன் சீட்டு அக்கா திரும்பினார். "ரெண்டு பேரும் படிச்சவுக. தோட்டத்துல நின்னவுகள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"



டாக்டர் இன்ஹேலர் எழுதித் தந்திருக்கிறார். அந்தப் பகிர்வை அழித்துவிட்டேன். அதற்கு விழுந்த லைக்கில் பாதிகூட இதற்கு விழாது, பரவாயில்லை.

ஓடைப்பட்டித் தோழி, "நாங்களும் நாளையிலிருந்து போகிறோம்" என்று அதன் கீழே எழுதியிருந்தாயே. பிள்ளை எப்படி இருக்கிறான்? சீக்கிரம் பதில் போடு.