எண்ணெய்க் கசிவு நின்றது

அந்தக் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் நான் மல்லாந்து கிடந்தேன். தலை கிளச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் மாட்டியிருந்தது. தலை மட்டுமல்ல, ஆளே அப்படித்தான் மாட்டியிருந்தேன். ஊரில் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. இங்கே தேக்கா கடைத்தெருவில் கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்துவிட்டேன். பட்டறை முதலாளியோ, "இந்த மீட்டர மாட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு லா" என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வேலை அனுமதி அவர் கையில், லீவு அவர் வாயில். "நீ கை வச்சாத்தான் சரியாகும்" என்று சொல்லிச் சொல்லியே என் தம்பி கல்யாணத்துக்கும் அனுப்பாமல் விட்டவர். அவன் தாலி கட்டியதை இந்தப் புக்கிட் பாத்தோக் பட்டறையில் நின்றபடி போனில் பார்த்தேன்.

கார், பிடோக்கிலிருந்து வரும் ஒரு பெரியவருடையது. பழைய கார். எண்ணெய் அழுத்தத்தைக் காட்ட அதில் தனியாக ஒரு மீட்டர் வேண்டும் என்றார். என்ஜினிலிருந்து ஒல்லியான செப்புக் குழாய் ஒன்று வந்து மீட்டரின் முதுகில் சேர வேண்டும். என்ஜின் பக்கத் திருகு மரைக்குக் கசிவை அடைக்கும் வெள்ளை டேப் சுற்றலாம். மீட்டர் பக்கம் அது கூடாது. அங்கே குழாய் நுனியில் ஒரு சின்னப் பித்தளை வளையம் உண்டு. நட்டை இறுக்கினால் அதுவே நசுங்கி அடைத்துக்கொள்ளும்.

ஆனால் எங்கள் பட்டறையில் எல்லா நோய்க்கும் டேப்தான் மருந்து. "இன்னும் நாலு சுத்து சுத்து" என்று முதலாளி தலைமாட்டில் நின்றார். லீவு தரப்போகிறவரிடம் வாயைக் கொடுப்பானேன் என்று மீட்டர் பக்கமும் சுற்றினேன். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் என் கன்னத்தில் சொட்டியது. பதற்றத்தில் மேலும் இறுக்கினேன். வளையம் குழாயையே நெரித்துவிட்டது. 'எண்ணெ ஒழுகுது' என்று மனைவிக்குப் போனில் ஒரு வரி அனுப்பினேன்.

முதலாளி கோப்பி குடிக்கப் போன நேரத்தில் கெட்டுப்போன நுனியை வெட்டினேன். புது வளையம் போட்டு, டேப் இல்லாமல், அளவாக இறுக்கினேன். மறுபடி ஸ்டார்ட் செய்து டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தேன். டிஷ்யூ காய்ந்தே இருந்தது. மீட்டர் முள் மெல்ல ஏறி நின்றது. எனக்கு விமானத்தில் ஏறி உட்கார்ந்தது போலிருந்தது.

சாயங்காலம் பெரியவர் வந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு முதலாளியிடம், "நல்ல கை. என் கூட்டாளிங்க ரெண்டு பேரும் பழைய கார்தான் வச்சிருக்காங்க. அனுப்பி வைக்கிறேன், இவரே செய்யட்டும்" என்றார். நல்ல மனுஷர். அவரை எனக்குப் பிடிக்காமல் போனது அந்த நிமிஷத்தில்தான்.

அவர் போனதும் முதலாளி என் தோளில் கை போட்டார். "அடுத்த வாரம் அந்த ரெண்டையும் முடிச்சிடு. ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"அண்ணே, ஞாயித்துக்கிழம வளைகாப்பு."

"பிரசவத்துக்குப் போ லா. அதுதானே முக்கியம்."

கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் ஓங்கிப் போட்டேன். பின்பக்கம் போய் மனைவிக்குப் போன் செய்தேன். எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறுவதற்குள் அவளே கேட்டாள்.

"அந்த எண்ணெ ஒழுகுனது நின்னுச்சா?"

"நின்னுடுச்சு. ஒரு சொட்டுகூட இல்ல."

"அவ்ளோ நல்லாச் செஞ்சிட்டீங்களா? அப்ப நீங்க வரல" என்றாள்.