ஆடிக்கும் கர்க்கடகத்துக்கும் ஒரே அலமாரி

1. நனைந்த குடை

மலையாள மாதமான கர்க்கடகம் பிறந்த பிறகு வந்த முதல் ஞாயிறு. வலியசாலைக்குப் பக்கத்தில், நான் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவரும் வாசகசாலைக்கு முத்துலட்சுமி நனைந்த குடையோடு வந்தாள். தம்பானூரில் ஓட்டல் சமையலறையில் வேலை. சொந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பணகுடி. கூடவே நாலு வயது மகள் அபிநயா.

“டீச்சர், இவ வீட்ல வாய் ஓயாம பேசுவா. மலையாள ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா. ஓணம் லீவுக்குள்ள சரியாகலேன்னா ஊர்ல அவ அத்தைகிட்ட விட்டு அங்கயே படிக்க வச்சிருவோம்னு இவங்க அப்பா சொல்லிட்டாவ.” மகளின் தலையைத் துண்டால் துவட்டினாள். “என் மேல காலைப் போட்டாத்தான் டீச்சர் இவளுக்கு உறக்கமே வரும்.”

புத்தகம் பார்த்தால் பேசுவாளா என்று கேட்டாள். ஞாயிறுதோறும் கூட்டிவரச் சொன்னேன். பேசுவாள் என்று நான் உறுதி எதுவும் சொல்லவில்லை.

2. ஜன்னல் விதி

படப் புத்தகங்களை மாதக் கணக்கில் மாற்றி வைப்பது என் வழக்கம். மேடத்தில், அதாவது சித்திரையில், மாம்பழமும் பட்டமும் காற்றும். கர்க்கடகத்தில் மழை, குடை, தவளை. சிங்ஙத்தில், அதாவது ஆவணியில், பூக்கள். தேர்வுக்கு ஒரே விதிதான்: புத்தகப் பக்கத்தில் இருப்பது ஜன்னலுக்கு வெளியேயும் இருக்க வேண்டும். படத்தில் குடையைப் பார்க்கிற குழந்தை, வாசலில் சொட்டிக்கொண்டிருக்கும் குடையைத் திரும்பிப் பார்க்கும். வாசிப்பு அந்தத் திரும்பலில் தொடங்குகிறது என்பது என் அனுபவம். வரிகள் குறைவாகவும் ஒரு பக்கத்தில் ஒரு காரியம் நடப்பதாகவும் பார்த்து எடுப்பேன். வாசிக்கும்போது “இது என்ன?” என்று பரீட்சை வைக்க மாட்டேன். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

மற்ற குழந்தைகள் தவளையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அபி இரண்டு ஞாயிறும் மழை அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

3. முடிச்சு

மூன்றாவது ஞாயிறு மேசைக்கு அடியில் புகுந்து, பைண்டிங்குக்குக் கட்டி வைத்திருந்த மேட மாதத்துப் புத்தகங்களிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். கவுன்டரில் இருக்கும் பிந்து பார்த்துவிட்டாள்.

“சேச்சி, இது காத்துப் புத்தகமல்லே? மழைக்கு நடுவுல இத எடுத்தா நம்ம ஷெல்ஃப் கலைஞ்சு குளமாகும்.”

எனக்கும் அதே எண்ணம்தான். வாங்கி உள்ளே வைக்கப் போனேன். அபி பிடியை விடவில்லை. சரி என்று உட்கார்ந்து வாசித்தேன். நடுப்பக்கத்தில் கொடியில் காய்ந்த சேலை பறக்கிறது, ஒரு பெண் பின்னாலேயே ஓடுகிறாள். காத்திருந்தேன்.

“முடிச்சு போடலை,” என்றாள் அபி.

“என்ன முடிச்சு?”

“கொடில காயப்போட்டா முடிச்சு போடணும். இல்லன்னா காத்து கொண்டுட்டுப் போயிரும். எங்க அத்தை போடுவா.”

அவள் வகுப்பிலேயே படிக்கும் நந்து பக்கத்தில் வந்து, “எந்து முடிச்சு?” என்றான். அபி எழுந்தாள். அம்மாவின் தோளிலிருந்த துண்டை இழுத்து ஜன்னல் கம்பியில் சுற்றி முடிந்தாள்.

“இங்ஙனே,” என்றாள்.

‘இப்படி’ என்று, மலையாளத்தில். முத்துலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். பிறகு சொன்னாள்: “ஆடி மாசம் எங்க ஊர்ல காத்து ஆளையே தூக்கும் டீச்சர். மழை தூறலோட சரி.”

கர்க்கடகமும் ஆடியும் ஒரே மாதம். சில வருடம் பிறப்பு ஒரு நாள் முன்பின் ஆகும், அவ்வளவுதான். வீட்டில் இரண்டு நாட்காட்டியும் மாட்டியிருக்கிறேன். ஆனாலும் மலைக்கு இந்தப் பக்கம் மழையாகவும் அந்தப் பக்கம் காற்றாகவும் இருக்கும் ஒரே மாதம் அது என்பது அலமாரி அடுக்கும்போது எனக்குத் தோன்றியதில்லை.

அன்று காற்றுப் புத்தகத்தை மழைப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்தேன். அடுத்த வாரம் நந்து தவளைப் புத்தகத்தோடு வந்து அபியை ஒட்டி உட்கார்ந்தான். பள்ளியிலும் இப்போது அவனோடு பேசுகிறாள் என்றாள் முத்துலட்சுமி.

4. கொண்டுவர வேண்டிய ஆள்

ஓணம் விடுமுறை தொடங்கிய அன்று, கட்டட வேலைக்குப் போகும் அபியின் அப்பா முருகேசன் முத்துலட்சுமியோடும் மகளோடும் பையும் கையுமாக வந்தார். மாலை பஸ்ஸில் அபியை ஊருக்குக் கூட்டிப்போகிறார். அபி தவளைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“அத்தைக்குக் காட்டணும். அங்க இவ்ளோ மழை கிடையாது.”

பிந்து தேதி முத்திரையைக் குத்தி நீட்டினாள். “சேட்டா, ஓணம் கழிஞ்ஞு திரிச்சு தரணும்.”

முருகேசன் திருப்பித் தர வேண்டிய அந்தத் தேதியைப் பார்த்தார். “யார்கிட்டயாவது குடுத்துவிட்டா போதும்லா?”

“எடுத்த ஆள்தான் கொண்டுவரணும்,” என்றேன். எங்கள் வாசகசாலையில் அப்படி விதி எதுவும் கிடையாது. பிந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் பின்னட்டையில் தவளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள், மலையாளத்தில்.

“அப்போ இவளைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்,” என்றார் முத்துலட்சுமியிடம். “இல்லன்னா ஃபைன் போட்டுருவாங்க போல.”

குறித்த தேதிக்கு முந்தின நாளே அபி புத்தகத்தோடு வந்து நின்றாள். திறந்தபோது பக்கங்களுக்கு இடையிலிருந்து பணகுடி மண் மேசையில் கொட்டியது.

ஜன்னல் விதியை நான் கைவிடவில்லை. ஆனால் புதிதாக ஒரு குழந்தை வந்தால், அலமாரியைக் காட்டும் முன் கூட வந்தவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: “உங்க ஊர்ல இந்த மாசம் எப்படி இருக்கும்?”