கோவிந்தன் கேட்ட சொம்புத் தண்ணீர்

கோவிந்தன் இறந்த செய்தி எனக்கு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. எங்கள் மாட்டாஸ்பத்திரியில் முன்பு கடைநிலை ஊழியராக இருந்த ஒருவர், சேலம் பஸ் ஏறப் போன என்னை நிறுத்தினார். “ஏனுங்க கம்பவுண்டரே, சங்கதி தெரியுமுங்களா? அந்தக் காலனி டாக்டரு போயிட்டாராமுங்க. மாரடைப்பாமா. ஆத்தூருல எடுத்து நாலு நாளாச்சுங்க” என்றார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கோவிந்தன் கை படாமல் பிழைத்த மாடு குறைவு. அத்தனைக்கும் பிறகு அவருக்கு மிஞ்சிய பேர் ‘காலனி டாக்டர்’. அந்தப் பேர் எப்படி வந்தது என்பது நம் கால்நடைத் துறையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் அவர் எங்கள் ஊருக்குக் கால்நடை ஆய்வாளராக வந்தார். நான் அங்கே கம்பவுண்டர். சொந்த ஊர், சொந்த சனம். ஊரில் பாதித் தோட்டம் எங்கள் பங்காளிகளுடையது. புது உத்தியோகஸ்தர் யார் வந்தாலும் ஊரார் பேரை அவரிடம் கேட்பார்கள், சாதியை என்னிடம் கேட்பார்கள். அவருடைய பணிப்பதிவேட்டை அலமாரியில் வைக்கும்போதே புரட்டிப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் டீக்கடையில், “டாக்டரு நம்மாளுங்களா?” என்று ஒருவர் கேட்டார். “இல்லீங்க, ஆத்தூர்ப் பக்கம் காலனி” என்றேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னேன். அந்த வாரமே, அவருக்கு வாடகைக்கு ஒத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டார். கோவிந்தன் கடைசிவரை ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில்தான் வந்து போனார்.

ஒருநாள் என் பெரியப்பாவின் தோட்டத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. கோவிந்தன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டு, புரண்டு கிடந்த கன்றைத் திருப்பி வெளியே எடுத்தார். தாயும் கன்றும் பிழைத்தன. “நீ நல்லா இருக்கோணும் சாமி” என்று பெரியம்மா கண்கலங்கக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு எட்ட நின்று, அவர் கை கழுவ உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றினார். பிறகு மோர் வந்தது. எனக்குப் பித்தளை டம்ளரில், அவருக்குக் கொட்டாங்குச்சியில்.

அவர் வாங்கவில்லை. “மாட்டு வயித்துக்குள்ள என் கை போகலாம். உங்க டம்ளர் மேல படக்கூடாதாம்மா?” என்று மெதுவாகத்தான் கேட்டார். “நாங்களா சாமி வெச்சோம்? வழிவழியா வாரதுங்க” என்றார் பெரியம்மா. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் என் மோரைக் குடித்து முடித்தேன்.

மறுநாளிலிருந்து கோவிந்தன் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தால் யாரென்று பாராமல் வைத்தியம் பார்ப்பார். வீட்டுக்குக் கூப்பிட்டால், வேலையில் இறங்குமுன் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டுத்தான் மாட்டைத் தொடுவார். “சட்டப்படி நான் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தா போதும் சார். வீட்டுக்கு வர்றது என் இஷ்டம்” என்றார் என்னிடம். ஊர் கொதித்தது. ஆனால் மாடு படுத்துவிட்டால் வேறு வழி? சொம்பு கைக்கு வந்தது.

நான் அதை வெற்றி என்று நினைத்தேன். சில மாதம் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். போகிற தொழுவத்திலெல்லாம், தவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு புது எவர்சில்வர் சொம்பு ஆணியில் தொங்கியது. அவருக்கென்றே வாங்கியது. வீட்டுக்குள் போகாத சொம்பு. “பாத்தீங்களா சார், ஊரே எனக்குச் சீர் வாங்கி வெச்சிருக்கு” என்று சிரித்தார். நாம் ஒரு கதவைத் திறந்தால் இவர்கள் அதற்குள் இன்னொரு சுவரைக் கட்டிவிடுவார்கள். இவர்கள் என்று எழுதுகிறேன் பாருங்கள். எங்கள் வீட்டுத் தொழுவத்திலும் ஒன்று தொங்கியது. அதன் பிறகு அவர் முறையை மாற்றினார்: சொம்பு வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டும், அவர் குடித்த பிறகு அதே சொம்பில் வீட்டுக்காரர் ஒரு வாய் குடிக்க வேண்டும்.

“அந்தாளு இனி எந்தோட்டத்துல கால் வெக்கப்படாது” என்று பெரியப்பா டீக்கடையில் சொன்னது அப்போதுதான். சொன்ன ஒரு மாதத்தில், ஈரச் சோளத்தட்டை மேய்ந்து அவருடைய பசு வயிறு உப்பிச் சாய்ந்தது. நான்தான் பயந்துபோய்க் கோவிந்தனைக் கூட்டிப் போனேன். மாட்டின் மூச்சுச் சத்தம் கேட்டதும் அவர் தண்ணீர் கேட்கவில்லை. பையைத் திறந்துகொண்டே ஓடினார். பெரியப்பா தொழுவத்து வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார். “நீ அங்கயே நில்லப்பா. மருந்தக் கம்பவுண்டருகிட்டக் குடு, அவன் போடுவான்.”

“மருந்துக்கு நேரம் இல்லைங்க. வயித்துல குத்திக் காத்தை எடுக்கணும். அவருக்கு அது தெரியாது. தண்ணி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், என்னை விடுங்க” என்றார் கோவிந்தன். பெரியப்பா கையை எடுக்கவில்லை. பசு எங்கள் கண் முன்னால் செத்தது.

ஊர் மனு எழுதியது: தண்ணீர் தரவில்லை என்று ஆய்வாளர் வைத்தியம் செய்ய மறுத்தார், மாடு இறந்தது. அவருடைய முறை ஊரறிந்தது என்பதால் கதை அழகாகப் பொருந்தியது. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைக் கேட்டார். “நான் தொழுவத்துக்குள்ள இல்லீங்க” என்றேன். உண்மைதான். வாசலில் நின்றேன். பெரியப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு அந்த ஊரில் எப்படிக் குடியிருப்பது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் ஓடியது. ‘கடமை தவறியவர்’ என்று பதிவேட்டில் ஏறியது. மாற்றல் வந்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பதவி உயர்வு பெற்றுப் போனார்கள்.

போகும்போது பஸ் நிறுத்தத்தில் கேட்டேன், “எம்மேல கோவமுங்களா?” என்று. “உங்க பெரியப்பா கைய நீட்டுனாரு, தெரிஞ்சுது. உங்க கை எங்க இருந்துச்சுன்னுதான் சார் தெரியலை” என்றார்.

எண்பதுகளில் ஒருமுறை இன்லேண்ட் கடிதம் எழுதினார். மேல்முறையீடு போட்டிருக்கிறேன், நடந்ததை மட்டும் எழுதித் தாருங்கள் என்று. பெரியப்பா இருக்கும்வரை எப்படி என்று தள்ளினேன். அவர் போன பிறகு, பெரியம்மா இருக்கிறாரே என்று தள்ளினேன். இப்போது கோவிந்தனும் இல்லை.

அவருக்குத் தர வேண்டியதாய் என்னிடம் மிச்சமிருப்பது நான் எழுதிக் கொடுக்காத அந்த வாக்குமூலம் ஒன்றுதான். வாங்கிக்கொள்ள அவர் இல்லாததால் உங்களிடம் தருகிறேன். அன்று கோவிந்தன் வைத்தியம் செய்ய மறுக்கவில்லை. தண்ணீர் கேட்கவும் இல்லை. அவரை உள்ளே விட மறுத்தது என் பெரியப்பா. மூன்றடி தூரத்தில் நின்று நான் பார்த்தேன்.